ஹெபடைடிஸ் சி: சிகிச்சையால் வைரஸ் அளவு குறைந்த பின் பரவும் அபாயம்

ஹெபடைடிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்று. இது ரத்தத்தின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது. இன்று கிடைக்கும் மாத்திரைகளால் 12 வாரங்களில் இந்நோயைப் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே ரத்தத்தில் வைரஸின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் எழும் முதல் கேள்வி, "இனி இது மற்றவருக்குப் பரவாதா?" என்பதே. வைரஸ் குறைதல், வைரஸ் கண்டறிய இயலாத நிலை, நோய் குணமாதல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. இவற்றின் வேறுபாட்டையும் ஒவ்வொரு நிலையிலும் பரவும் அபாயம் எவ்வளவு என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வைரஸும் நோயும்

1970-களில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பலருக்கு ஏ, பி ஆகிய இரு வகையிலும் சேராத கல்லீரல் அழற்சி வருவதை அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஆல்டர் கவனித்தார். அதற்குக் காரணமான வைரஸை 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அடையாளம் கண்டனர். இந்த வைரஸ் ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதைச் சார்லஸ் ரைஸ் நிறுவினார். இம்மூவருக்கும் 2020-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரின் உடல் 6 மாதங்களுக்குள் மருந்தின்றியே வைரஸை அகற்றிவிடுகிறது. எஞ்சிய 70 சதவீதத்தினருக்கு அது நாட்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. அவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருக்கம் வரக்கூடும். சிலருக்கு அது கல்லீரல் புற்றுநோயாகவும் முடியும். பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. உலகில் சுமார் 5 கோடிப் பேரும் இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேரும் இத்தொற்றுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை.

எதனால் பரவும், எதனால் பரவாது

நோயாளியின் ரத்தம் மற்றொருவரின் ரத்தத்தோடு சேர்ந்தால்தான் இவ்வைரஸ் பரவும். முக்கிய வழிகள்:

• ஒருவருக்குப் போட்ட ஊசியையோ சிரிஞ்சையோ மற்றவருக்கும் பயன்படுத்துதல்
• பரிசோதிக்கப்படாத ரத்தத்தை ஏற்றுதல்
• டயாலிசிஸ் பிரிவுகளில் தொற்றுத் தடுப்பு முறைகள் தவறுதல்
• தூய்மைப்படுத்தப்படாத கருவிகளால் பச்சை குத்துதல், காது குத்துதல், அலகு குத்துதல்
• சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி போன்று ரத்தம் படக்கூடிய பொருள்களைப் பகிர்தல்
• பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லுதல்

இந்தியாவில் ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை 2000-களின் தொடக்கத்தில்தான் கட்டாயமாக்கப்பட்டது. எனவே அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஒரே தட்டில் உண்பது, ஒரே குவளையில் நீர் அருந்துவது, கட்டியணைப்பது, தும்மல், இருமல், கொசுக்கடி ஆகியவற்றால் இந்நோய் பரவாது. வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும் நாளிலும் இது உண்மையே. நோயாளிக்கெனத் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கி வைப்பதால் யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. ஆனால் அவருடைய சவரக் கத்தியைத் தனியே வைப்பதால் பாதுகாப்பு கிடைக்கும்.

வைரஸ் அளவு என்பது என்ன?

ஒரு மில்லிலிட்டர் ரத்த ஊனீரில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. எத்தனை அலகுகள் உள்ளது என்பதே வைரஸ் அளவு எனப்படுகிறது. சிகிச்சை பெறாத நோயாளியிடம் இது பல லட்சங்களாக இருக்கலாம். உடலில் இவ்வைரஸ் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் கோடி புதிய துகள்களை உண்டாக்குவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். ரத்தத்தில் ஒரு துகள் சில மணி நேரமே நிலைக்கிறது. ஆகவே மருந்து அதன் உற்பத்தியை நிறுத்தியதும் அளவு விரைந்து சரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவரிடம் மில்லிலிட்டருக்கு 20 லட்சம் அலகுகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் சில நாள்களில் இது 99 சதவீதம் குறைந்தாலும் மில்லிலிட்டருக்கு 20,000 அலகுகள் எஞ்சியிருக்கும். குறைவு மிகப் பெரிது. ஆனால் எஞ்சியதும் சிறிதன்று.

'கண்டறிய இயலவில்லை' என்ற அறிக்கையையும் இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும். இன்றைய பரிசோதனைகள் பொதுவாக மில்லிலிட்டருக்கு 10 முதல் 15 அலகுகள் வரை கண்டறிகின்றன. அதற்குக் கீழே இருப்பதை அவை காட்டமாட்டா. மில்லிலிட்டருக்கு 10 அலகுகள் இருந்தாலே, உடலிலுள்ள சுமார் 3 லிட்டர் ஊனீரில் மொத்தம் 30,000 அலகுகள் இருக்கும். அத்துடன் ரத்தத்தில் வைரஸ் தெரியாத நேரத்திலும் கல்லீரல் செல்களுக்குள் அது எஞ்சியிருக்கலாம். மருந்தை முழுக் காலமும் உட்கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

சென்னை ஆய்வும் ஒரு தவறான ஒப்பீடும்

'வைரஸ் தெரியாவிட்டால் பரவாது' என்ற கருத்து எச்.ஐ.வி. ஆய்வுகளிலிருந்து வந்தது. அதில் சென்னைக்கும் பங்குண்டு. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதைச் சென்னையில் முதன்முதலாகக் கண்டறிந்த மருத்துவர் சுனிதி சாலமன், 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வு 9 நாடுகளில் நடந்தபோது, இந்தியாவில் இந்த நிறுவனமும் புனேயிலுள்ள தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் அதன் களங்களாக இருந்தன. இணையரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையர்கள் இதில் பங்கேற்றனர். தொற்றுள்ளவருக்கு உடனே சிகிச்சை தொடங்கினால் இணையருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் வெளியான முடிவு காட்டியது. அதன் பின் வந்த ஆய்வுகள், மருந்தால் எச்.ஐ.வி. அளவு கண்டறிய இயலாத நிலையில் நீடிக்கும்போது பாலுறவின் வழியே அது பரவுவதில்லை என்று உறுதிசெய்தன.

இந்த முடிவை அப்படியே ஹெபடைடிஸ் சி-க்குப் பொருத்தக் கூடாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவதாக, அந்த முடிவு பாலுறவைப் பற்றியது. ஹெபடைடிஸ் சி முதன்மையாக ஊசி, ரத்தம் வழியே பரவுகிறது. ஒரே ஊசியைப் பகிர்வதில் ரத்தம் நேரடியாக ரத்தத்தில் கலக்கிறது.

இரண்டாவதாக, எச்.ஐ.வி. தன் மரபுப்பொருளை நம் செல்களின் மரபணுவுக்குள்ளேயே இணைத்துக்கொள்கிறது. அதனால் மருந்து அதை அடக்கி வைக்கிறதே தவிர அகற்றுவதில்லை. வாழ்நாள் முழுவதும் மருந்து தேவை. ஹெபடைடிஸ் சி வைரஸ் அவ்வாறு இணைவதில்லை. அதை உடலிலிருந்து முற்றிலும் நீக்க முடியும். எனவே இங்கு இலக்கு அளவைக் குறைத்து வைப்பது அன்று, குணப்படுத்துவதே.

மூன்றாவதாக, எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர் தொடர்ந்து மருந்து உட்கொள்வதால் அளவு தாழ்ந்தே நிற்கிறது. ஹெபடைடிஸ் சி சிகிச்சையில் மருந்து ஒரு நாள் நிறுத்தப்படுகிறது. எஞ்சிய வைரஸ் ஏதேனும் இருந்தால் அதன் பின்னர்தான் மீண்டும் பெருகும். ஆகவே உண்மையான சோதனை மருந்து முடிந்த பிறகே.

நிலைக்கு நிலை மாறும் அபாயம்

சிகிச்சைக்கு முன்: வைரஸ் அளவு அதிகமாக இருக்கும். மேற்கூறிய ரத்த வழிகள் அனைத்திலும் பரவக்கூடும்.

சிகிச்சையின் முதல் வாரங்கள்: அளவு வேகமாகக் குறையும், பரவும் வாய்ப்பும் அதனுடன் குறையும். ஆனாலும் ஆர்.என்.ஏ. இன்னும் கண்டறியப்படும் நிலை இது. முன்போலவே எல்லா முன்னெச்சரிக்கைகளும் தேவை.

கண்டறிய இயலாத நிலை, மருந்து தொடரும் காலம்: பலருக்கு 4 வாரங்களுக்குள் இந்நிலை வந்துவிடுகிறது. பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் இதைக் குணம் என்று எண்ணி மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. பாதியில் நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். சில சமயம் மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறும்.

மருந்து முடிந்த முதல் 12 வாரங்கள்: இது காத்திருக்கும் காலம். சிகிச்சை பலிக்காத சிலருக்கு நோய் திரும்புவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். ரத்தம் படும் பொருள்களில் எச்சரிக்கை தொடர வேண்டும்.

12-ஆம் வாரப் பரிசோதனைக்குப் பின்: மருந்து முடிந்து 12 வாரம் கழித்தும் ஆர்.என்.ஏ. காணப்படவில்லை என்றால் நோய் குணமானதாக மருத்துவர்கள் கொள்கின்றனர். இதன் பின் நோய் திரும்புவது மிக அரிது. உடலில் வைரஸ் இல்லாததால் அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் இல்லை.

தம்பதியரும் தாய்மையும்

கணவன் மனைவியரிடையே பாலுறவால் இந்நோய் பரவுவது மிக அரிது. அமெரிக்காவில் 500 இணையர்களிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, இவ்வாறு தொற்றும் வாய்ப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 0.07 சதவீதம் என்று கணக்கிட்டது. ஆனால் எச்.ஐ.வி. தொற்று உள்ளபோதும், காயமோ ரத்தக்கசிவோ ஏற்படும்போதும் அபாயம் கூடுகிறது. அந்நிலையில் சிகிச்சை முடிந்து குணம் உறுதியாகும் வரை ஆணுறை பயன்படுத்துவது நல்லது.

தாயின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம். ஆர்.என்.ஏ. கண்டறியப்படாத தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது மிக அரிது. எனவே கருவுறுவதற்கு முன்பே சிகிச்சையை முடித்துக்கொள்வது தாய்க்கும் சேய்க்கும் சிறந்தது. ரிபாவிரின் என்ற மருந்து சேர்க்கப்பட்டிருந்தால், அது கருவைப் பாதிக்கும் என்பதால் மருந்து முடிந்து குறைந்தது 6 மாதமேனும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பால் வழியே இந்நோய் பரவுவதில்லை. மார்புக் காம்பில் வெடிப்பும் ரத்தக்கசிவும் இருக்கும் நாள்களில் மட்டும் அந்தப் பக்கத்துப் பாலைத் தவிர்க்கலாம்.

டயாலிசிஸ் நோயாளிகள்

சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தம் வாரத்தில் இரண்டு மூன்று முறை உடலுக்கு வெளியே கருவி வழியாகச் சென்று திரும்புகிறது. அதனால் இவர்களிடையே ஹெபடைடிஸ் சி பொதுமக்களைவிட அதிகம். வைரஸ் அளவைப் பற்றிய புரிதல் மிகவும் தேவைப்படும் இடமும் இதுவே.

தொற்றுள்ளவர்களுக்கெனத் தனிக் கருவி ஒதுக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல்களோ, தனிக் கருவியைக் காட்டிலும் கையுறை மாற்றுதல், ஒருவரின் மருந்துக் குப்பியை மற்றவருக்குப் பயன்படுத்தாமை, மேற்பரப்புகளைத் துடைத்தல் ஆகிய நடைமுறைகளையே வற்புறுத்துகின்றன. ஆய்வக நிலையில் உலர்ந்த ரத்தத் துளியில் இவ்வைரஸ் 6 வாரம் வரைகூட உயிர்ப்புடன் இருந்துள்ளது என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

குணமான ஒருவரைப் பழைய சீட்டைப் பார்த்துத் தொடர்ந்து 'சி' நோயாளிகளுடனேயே அமர்த்தினால், அவரால் பிறருக்கு ஆபத்தில்லை; அவருக்குத்தான் மீண்டும் தொற்றும் ஆபத்து. குணமானவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் கூறுவது இதனால்தான்.

குணமான பின்னும் 'பாசிட்டிவ்' ஏன்?

தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்பொருள்கள், வைரஸ் அகன்ற பின்னும் பல ஆண்டுகள் ரத்தத்தில் இருக்கும். எனவே சாதாரண எதிர்பொருள் பரிசோதனை, குணமானவருக்கும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். ஒருகாலத்தில் தொற்று இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். இப்போது வைரஸ் உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னும், வளைகுடா நாடுகளில் வேலைக்குச் செல்வோருக்கான மருத்துவச் சோதனையிலும் ஹெபடைடிஸ் சி பார்க்கப்படுகிறது. குணமானவர்கள் 12-ஆம் வார ஆர்.என்.ஏ. அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் தேவையற்ற அச்சத்தையும் விளக்கத்தையும் தவிர்க்கலாம். ஆயினும் ஒருமுறை ஹெபடைடிஸ் சி வந்தவர்கள் குணமான பின்னும் ரத்த தானம் செய்ய முடியாது.

அந்த எதிர்பொருள்கள் பாதுகாப்புக் கவசமும் அல்ல. குணமானவர் மீண்டும் தொற்றுள்ள ஊசியைப் பயன்படுத்தினால் மீண்டும் நோய் வரும். இந்தியாவின் 15 நகரங்களில் ஊசி மூலம் போதைப்பொருள் பயன்படுத்துவோரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோரிடம் இத்தொற்றின் எதிர்பொருள் காணப்பட்டது. இத்தகையோருக்கு மருந்துடன் புதிய ஊசிகளும் போதை மீட்புச் சிகிச்சையும் சேர்ந்தால்தான் பலன் நிலைக்கும்.

மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்

தமிழகத்தில் கல்லீரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலை என்றும், அதற்கு மருந்து கீழாநெல்லி என்றும் எண்ணுவது வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லி வகையைக் கொண்டு நடத்திய ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வெளியாகி உலகக் கவனத்தை ஈர்த்தது. அது ஹெபடைடிஸ் பி பற்றிய ஆய்வு. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் சி வைரஸை அது அகற்றும் என்பதற்குச் சான்று இல்லை.

நாட்பட்ட ஹெபடைடிஸ் சி உள்ள பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. ஆகவே கண்ணின் நிறத்தைக் கொண்டு வைரஸ் அளவையோ பரவும் அபாயத்தையோ கணிக்க முடியாது. பசி திரும்புவதும் உடல் தெம்பு கூடுவதும் நல்ல அறிகுறிகளே. ஆனால் அவை ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு ஈடாகா.

மருந்தும் சிகிச்சை வசதியும்

முன்பு இந்நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியை 24 முதல் 48 வாரம் போட வேண்டியிருந்தது. பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. பலருக்குப் பலனும் கிடைக்கவில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அங்கு 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். 2014 செப்டம்பரில் இந்திய மருந்து நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்ட பின் விலை பெருமளவு சரிந்தது.

பஞ்சாப் மாநிலம் 2016-இல் இலவசச் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கி, அதை மாவட்ட மருத்துவமனைகளுக்கும் கொண்டுசென்றது. அங்கு 48,088 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் 91.6 சதவீதம் பேர் குணமடைந்தனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கிராமத்தினர். பெருநகர மருத்துவமனைக்கு வெளியிலும் இச்சிகிச்சையைச் சிறப்பாகத் தர முடியும் என்பதற்கு இது சான்றானது.

2018 ஜூலை 28 அன்று தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்குச் சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் ஆகிய இரண்டும் நாள்தோறும் 12 வாரம் தரப்படுகின்றன. சுருக்கம் உள்ளவர்களுக்குச் சோஃபோஸ்புவிருடன் வெல்படாஸ்விர் தரப்படுகிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் இவற்றின் வீரியத்தைக் குறைக்கும். எனவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி-யும் உடன் உள்ளதா என்று முன்னதாகவே பார்ப்பது அவசியம். சி அகலும்போது பி தீவிரமாகக்கூடும்.

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் போன்ற பகுதிகளில் வாழ்வோருக்கு முன்பு உயர் சிகிச்சை என்றால் தஞ்சாவூர், புதுச்சேரி ஜிப்மர் போன்ற வெளியிடங்களுக்கே செல்ல வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 12 அன்று அரியலூர் உட்பட தமிழகத்தின் 11 இடங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன. காசநோய்க்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் கருவிகளிலேயே ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ.வையும் அளக்க முடியும் என்பது சிற்றூர்களுக்குப் பெரிய வாய்ப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் அருகிலுள்ள சிகிச்சை மையத்துக்கு வழிகாட்டுவார்கள்.

தூரத்திலிருந்து வருவோர் பலர் மாத்திரை முடிந்ததும் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுவதுண்டு. வைரஸ் குறைந்த செய்தி காதில் விழுந்துவிட்டது, உடம்பும் நன்றாக இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு மறுபடி ஏன் போக வேண்டும் என்ற எண்ணமே காரணம். ஆனால் தன்னால் பிறருக்கு இனி ஆபத்தில்லை என்பதை உறுதியாகச் சொல்லும் ஒரே பரிசோதனை அந்த 12-ஆம் வாரப் பரிசோதனைதான்.

முடிவுரை

சிகிச்சையால் வைரஸ் அளவு குறையக் குறையப் பரவும் அபாயமும் குறைகிறது. ஆனால் அது முற்றிலும் நீங்குவது குணம் உறுதியான பிறகே. அதுவரை ரத்தம் படும் பொருள்களைப் பகிராமல் இருந்தால் போதும். உணவையும் உறவையும் விலக்க வேண்டியதில்லை. குணமான பின்னும் மீண்டும் தொற்றாமல் காத்துக்கொள்வதும், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்வதும் இன்றியமையாதவை. மாத்திரையின் கடைசி நாளை நாள்காட்டியில் குறிக்கும்போதே, அதிலிருந்து 12 வாரம் கழித்து வரும் பரிசோதனை நாளையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.